நொங் காயில் விட்டு வந்த செருப்பு

நொங் காய் நகரத்தில் நான் நாற்பது நாள் இருந்திருக்கிறேன். ஆனால் அந்த நகரத்தைப் பார்த்ததில்லை. இதை யாரிடம் சொன்னாலும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அதனால் பெரும்பாலும் சொல்வதில்லை.

தாய்லாந்தின் வடகிழக்கு விளிம்பில், மேகொங் ஆற்றின் கரையில் இருக்கிறது நொங் காய். அக்கரை லாவோஸ். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வருஷங்களுக்கு முன்பு, கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் என்னையும் மன்னார்ப் பிரான்சிஸ் அண்ணையையும் இங்கே ஒரு வீட்டின் மேலறையில் கொண்டுவந்து பூட்டி வைத்தான். யன்னலை நாலு விரலுக்கு மேல் திறக்கக்கூடாது. சத்தமாகக் கதைக்கக்கூடாது. வெளியே போகவே கூடாது. அது கிறிஸ்தவர்கள் நாற்பது நாள் நோன்பிருக்கிற தபசு காலம். பிரான்சிஸ் அண்ணை நாற்பது நாளையும் விரலில் எண்ணினார். நான் சைவக்காரன், எனக்கும் சேர்த்து அவரே எண்ணினார்.

அந்த வீட்டுக்காரப் பெண்ணை நாங்கள் அக்கா என்றோம். பெயர் தெரியாது. புருஷன் செத்துப்போனவள், ஒரு சின்ன மகள் இருந்தாள். மூங்கில் கூடையில் ஒட்டுச் சோறும், சுட்ட மீனும், உறைப்பாய் இடித்த பப்பாசிக்காயும் கொண்டுவந்து வைப்பாள். அவள் எது கேட்டாலும் எங்களுக்கு விளங்காது. ‘ஓம், ஓம்’ என்று தலையாட்டுவோம். கொஞ்ச நாளில் அவளும் கதவைத் தட்டும்போதே ‘ஓம், ஓம்’ என்று சொல்லிக்கொண்டு வரத் தொடங்கினாள்.

ஏஜென்சிக்காரன் சொன்ன கட்டளைகளில் ஒன்றை மட்டும் எங்களால் காப்பாற்ற முடியவில்லை. குளிக்கிற இடம் கீழே முற்றத்தில் இருந்தது. குளித்துவிட்டு வரும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே வரவேண்டும், வாசலில் விடக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னான். முதல் வாரம் கவனமாக இருந்தோம். பிறகு கை மறந்துவிட்டது. வாசலைக் கண்டால் செருப்பைக் கழற்றுகிற சாதி நாங்கள். செருப்பைப் படுக்கிற அறைக்குள் கொண்டுபோவது உடம்புக்கே ஒத்துவராது.

நாற்பதாம் நாள் பின்னேரம் வீட்டுக்கு வருகிற குறுகலான ஒழுங்கைக்குள் பொலிஸ் ஜீப் ஒன்று வந்தது. அக்கா மேலே ஓடிவந்து எங்களைப் பின்பக்க ஏணியால் இறக்கிவிட்டாள். ஆற்றங்கரையில் ஏஜென்சியின் வள்ளம் நின்றது. அக்கரையில் இறங்கியபோதுதான் காலைப் பார்த்தேன். வெறுங்கால். பிரான்சிஸ் அண்ணைக்கும் வெறுங்கால். புருஷன் இல்லாத ஒரு பெண்ணின் வாசலில் இரண்டு சோடி ஆம்பிளைச் செருப்பை விட்டுவிட்டு வந்திருந்தோம்.

அங்கிருந்து கனடா வந்தது ஒரு அலுப்பான கதை, அதை விடுவோம். வந்தேன், வேலை எடுத்தேன், மில்லிக்கனில் வீடு வாங்கினேன், மிசிசாகாவில் விமானச் சரக்குக் கந்தோரில் இன்றைக்கும் வேலை பார்க்கிறேன். ஆனால் வீட்டு வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடப்பதைக் காணும்போதெல்லாம் அக்காவுக்கு என்ன நடந்திருக்கும் என்று ஒரு கேள்வி வந்து நெஞ்சில் குந்தும். பிடித்துக்கொண்டுபோய் மறியலில் அடைத்திருப்பார்களா? மகளை யார் பார்த்திருப்பார்கள்?

இந்த மாசி மாதம் பிரான்சிஸ் அண்ணைக்கு இருதயத்தில் ஒப்பரேஷன் நடந்தது. யூனியன்வில்லில் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நெஞ்சில் தலையணையை அணைத்தபடி படுத்திருந்தார்.

“தம்பி, அக்காவுக்கு என்ன நடந்தது எண்டு தெரியாமல் நான் கண்ணை மூடமாட்டன். என்னைப் பிளேனில ஏற டொக்டர் விடமாட்டார். நீ ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு வா.”

“போய் என்னண்டு அண்ணை கேக்கிறது? பேர்கூடத் தெரியாதே.”

“செருப்பைப் பற்றிக் கேள்,” என்றார்.

என் மனைவி சாந்தாவிடம் அன்றுதான் முழுக் கதையையும் சொன்னேன். “இவ்வளவு காலமா இதை வயித்துக்க வைச்சிருந்தனீங்களோ?” என்றாள். “நானும் வாறன். உங்களைத் தனிய விட்டால் நீங்கள் கேக்காமலே திரும்பி வந்திடுவியள்.” என்னை அவள் நன்றாக அறிந்து வைத்திருக்கிறாள்.

பாங்கொக்கிலிருந்து புறப்பட்ட ரயில் காலையில் எங்களை நொங் காயில் இறக்கியது. பங்குனி வெயில் அந்த நேரமே முதுகில் ஏறியது. வீட்டில் பனி வழித்துவிட்டு வந்த உடம்புக்கு அது இதமாகத்தான் இருந்தது, ஒரு பத்து நிமிஷத்துக்கு.

ஹோட்டலில் படிவம் நிரப்பும்போது முதல் பிழை விட்டேன். பிறந்த திகதி என்ற இடத்தில், அந்தக் காலத்தில் ஏஜென்சிக்காரன் தந்த கள்ளப் பாஸ்போட்டில் இருந்த திகதியை எழுதிவிட்டேன். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லவேண்டும் என்று பாடமாக்கிய திகதி அது. இந்த ஊர்க் காற்றுப் பட்டதும் கை தானாக எழுதியது. வரவேற்பு மேசைப் பெண் என் பாஸ்போட்டையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு வேர்த்து ஊற்றியது.

“என்னப்பா, உங்களுக்கு எத்தினை பிறந்தநாள்?” என்று சாந்தா படிவத்தை வாங்கித் திருத்திக் கொடுத்தாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு அறைத் திறப்பைத் தந்தாள். கனடியப் பாஸ்போட்டை வைத்துக்கொண்டு நடுங்குகிற ஒரே மனிதனை அன்றைக்குத்தான் பார்த்திருப்பாள்.

அறைக்குள் போனதும் சாந்தா கனடாவில் இருக்கிற எங்கள் மகளுக்கு போன் எடுத்து, “சேர்ந்திட்டம்” என்றாள். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு சடங்கு. முக்கால் மணி ஓட்டத்தில் இருக்கிற மிசிசாகாவில் கலியாண வீட்டுக்குப் போய் மில்லிக்கனுக்குத் திரும்பினாலும், சேர்ந்திட்டம் என்று ஒரு சொல் சொல்லாவிட்டால் மற்றப் பக்கத்தில் யாரும் படுக்கமாட்டார்கள்.

அக்கா வீட்டைக் கண்டுபிடிக்க என்னிடம் ஒரேயொரு அடையாளம் இருந்தது. யன்னலின் அந்த நாலு விரல் இடைவெளியில் ஆறு தெரியும். ஆற்றின் நடுவே, தண்ணீர் வற்ற வற்ற, செங்கல் மொட்டு ஒன்று நாளுக்கு நாள் வெளியே வந்தது. அதன் மேல் துணிக்கொடி கட்டியிருந்தார்கள். அது கரையிடிந்து ஆற்றுக்குள் சாய்ந்துபோன ஒரு பழைய புத்த தூபி என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்துகொண்டேன்.

வாசலில் நின்ற முச்சக்கர வண்டிக்காரரிடம் காகிதத்தில் அலை வரைந்து, அதற்குமேல் கூம்பு ஒன்றை வரைந்து காட்டினேன். அவர் மகிழ்ச்சியாகத் தலையாட்டி ஏற்றிக்கொண்டார். ஆறு ஒரு பக்கம் இருக்க வண்டி இன்னொரு பக்கம் பறந்தது. நாலு சில்லும் உள்ள வாகனத்தில் கனடாவின் நாலு-பூச்சிய-ஒன்று நெடுஞ்சாலையில் போகும்போது வராத பயமெல்லாம் இந்த மூன்று சில்லில் வந்தது. கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தி, கையை விரித்துப் பெருமையோடு காட்டினார்.

தோட்டம் முழுக்கச் சீமெந்துச் சிலைகள். தென்னை உயரத்துக்கு ஏழு தலை நாகம் படமெடுத்து நிற்க, அதன் கீழே புத்தர் இருக்கிறார். கொஞ்சம் தள்ளி எங்கள் பிள்ளையார். நாய்க் கூட்டம் சூழ்ந்து குரைக்க, திரும்பியும் பாராமல் நடக்கிறது ஒரு யானை. நான் வரைந்த அலையை நாகம் என்றும், கூம்பைப் படம் என்றும் வண்டிக்காரர் எடுத்திருக்கிறார். என் சித்திர ஞானம் அப்படி.

இந்தத் தோட்டத்தைக் கட்டியவர் ஒரு சாமியார். முதலில் அக்கரையில், லாவோசில், இதேபோல ஒன்றைக் கட்டியவராம். அங்கே ஆட்சி மாறியதும் ஆற்றைக் கடந்து இங்கே வந்து, முதலிலிருந்து திரும்பக் கட்டினாராம். சாந்தா பிள்ளையாருக்கு முன்னால் கைகூப்பி நின்றாள். “இவரும் இஞ்ச அகதியாத்தான் வந்தவர் போல,” என்றாள்.

உண்மையில் இந்த ஊரே ஆற்றைக் கடந்தவர்களின் ஊர். அன்றைக்குச் சியாம் என்று பெயர் கொண்ட தாய்லாந்தின் படை லாவோஸ் தலைநகர் வியந்தியானை அழித்த பிறகு, அங்கிருந்து வந்தவர்களைக் கொண்டு வளர்ந்த ஊர். பிரெஞ்சுக்காரரோடு சண்டை நடந்த காலத்தில் வியட்நாமியர்களும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அன்று மத்தியானம் சாப்பிட்டது அவர்களுடைய சாப்பாடு: சுட்ட பன்றி இறைச்சி உருண்டை, அரிசித் தாள், கூடை நிறைய இலைகுழை, வாழைக்காய்த் துண்டு, புளிக்கிற ஒரு காய். எல்லாவற்றையும் சுற்றி வாய்க்குள் திணிக்கவேண்டும். நான் சுற்றியது மடியில் அவிழ்ந்தது. பக்கத்து மேசைக் கிழவர் எழுந்து வந்து, ஒரு சொல்லும் பேசாமல் எனக்கு இரண்டு சுற்றித் தந்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கோயிலுக்குப் போனோம். அங்கேயுள்ள பொன்னிறப் புத்தரை ஊரே கையெடுத்துக் கும்பிடுகிறது. சுவர் முழுக்க அவர் வந்த கதையை வரைந்திருக்கிறார்கள். அக்கரையிலிருந்து மூன்று சிலைகளைத் தெப்பங்களில் ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். புயல் அடித்து ஒன்று ஆற்றில் விழுந்தது. இன்றைக்கும் அது ஆற்றுக்குள்தான் இருக்கிறதாம். இன்னொன்று பாங்கொக் போனது. மூன்றாவதை ஏற்றிய வண்டி இந்தக் கோயிலடியில் உடைந்து நகரமாட்டேன் என்று நின்றதாம். ஆற்றில் விழுந்த சிலையின் படத்துக்கு முன்னால் நான் கனநேரம் நின்றேன். அன்று வள்ளத்தில் ஏறியபோது எனக்கு நீந்தத் தெரியாது என்பது ஞாபகம் வந்தது.

கோயிலால் வந்து நினைவுத்தூபி ஒன்றைப் பார்த்தோம். பிறகு பாலத்தைப் பார்த்தோம். எங்கள் காலத்தில் அது இல்லை. இப்போது ரயிலும் அதே பாலத்தால் அக்கரைக்குப் போகிறது. பள்ளிப் பிள்ளைகள்கூடச் சீட்டுக் காட்டிவிட்டுப் போய் வருகிறார்கள். நான் அடுத்ததாக ஒரு அருங்காட்சியகத்தின் பெயரைச் சொன்னேன்.

சாந்தா நடப்பதை நிறுத்தினாள். “நீங்கள் ஊர் பார்க்க வந்தனீங்களோ, இல்லாட்டி ஊரைச் சாட்டி ஒளிக்க வந்தனீங்களோ?”

“பயமா இருக்கு, சாந்தா. உம்மட்டைச் சொல்ல என்ன. அவவை மறியலில போட்டதெண்டு ஆரும் சொன்னால் நான் என்ன செய்யிறது?”

“அழுவம். பிறகு பிரான்சிஸ் அண்ணைக்கு என்ன சொல்லுறது எண்டு யோசிப்பம். வாங்கோ.”

ஆற்றங்கரை வழியே கிழக்கே நடந்தோம். நடைபாதையில் சீமெந்து நாகங்கள், வெயிலுக்குக் குடை பிடித்த ஐஸ்கிறீம்காரர். ஆறு வற்றி மணல்திட்டுகள் வெளியே கிடந்தன. ஒன்ராறியோ ஏரியைப் பார்த்துப் பழகியதாலோ என்னவோ, அக்கரை கூப்பிடு தூரத்தில் இருந்தது. அன்றைக்கு அது முடியவே முடியாத தூரமாக இருந்தது. திடீரென்று ஆற்றின் நடுவே அது தெரிந்தது. செங்கல் மொட்டு. மேலே மஞ்சள் துணிக்கொடி.

அதற்குள் புத்தரின் பாத எலும்புகள் இருந்ததாக நம்புகிறார்கள் என்று பலகையில் எழுதியிருந்தது. காலை ஆற்றில் வைத்தவர்களுக்கு இவரே துணை என்று நினைத்துக் கும்பிட்டேன்.

பிறகு ஆற்றைப் பார்த்தபடி நின்று, யன்னலிலிருந்து பார்த்த கோணம் வரும்வரை அடி அடியாக நகர்ந்தேன். மொட்டின் இடது பக்கம் அக்கரை மரக்கூட்டம் வந்து சேர்ந்த இடத்தில் நின்றேன். பின்னால் ஒரு ஒழுங்கை. ஒழுங்கையின் மூலையில் நான் தேடிய மரவீடு இல்லை. கண்ணாடிக் கதவு போட்ட கோப்பிக்கடை ஒன்று இருந்தது. கடையை நடத்தியது நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். நல்ல ஆங்கிலம் பேசினாள்.

சாந்தா என் முதுகில் விரலால் குத்தினாள். நான் கேட்டேன். முன்பு இங்கே ஒரு மரவீடு இருந்ததா, மேலறை, பின்பக்கம் ஏணி?

அந்தப் பெண் கோப்பி ஊற்றுவதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். கையை உயர்த்தி, நாலு விரலைச் சேர்த்துக் காட்டினாள்.

“யன்னல் இவ்வளவுதான் திறந்திருக்கும்,” என்றாள். “எனக்கு அப்போது எட்டு வயது. மேலே இரண்டு மாமாமார் இருக்கிறார்கள், பள்ளியில் சொல்லக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தா.”

சாந்தாதான் கேட்டாள், அம்மா எங்கே என்று. அம்மா இருக்கிறா, நாளைக்குக் காலை சந்தைக் கடையில் இருப்பா, இன்று விரதத்துக்குக் கோயிலில் தங்கியிருக்கிறா என்றாள். இருக்கிறா என்ற சொல்லிலேயே எனக்குப் பாதி உயிர் திரும்பியது. மீதிப் பாதியைப் பிடித்துக்கொண்டு, “அன்றைக்குப் பொலிஸ்…” என்றேன்.

“வந்தது,” என்றாள். “வீட்டுக்குள்ளே வந்தார்கள். அதை அம்மாதான் சொல்லவேண்டும். எனக்குச் சொல்லத் தெரியாது.”

இப்படிச் சொன்னால் மனிதன் எப்படிச் சாப்பிடுவது? அன்று நான் ஒட்டுச் சோற்றை உருட்டி உருட்டி வைத்தேன்.

ஆற்றங்கரைச் சந்தை நீளமான கூரைக்குக் கீழே இருக்கிறது. சீனத்துக் கோப்பைகள், வியட்நாம் தொப்பிகள், லாவோஸ் துணி, கண்ணாடிப் பெட்டியில் இறைச்சிக் குழாய்கள். அன்று எங்கள் மேலறைக்குக் கேட்ட இரைச்சலெல்லாம் இங்கிருந்துதான் வந்திருக்கிறது. மறுநாள் காலை அக்காவின் மகள் முன்னே நடந்தாள். ஒரு திருப்பத்தில் நின்றாள். தரை உயர்த்திப் பலகை போட்ட கடை. கூரையிலிருந்து, சுவரிலிருந்து, கயிற்றிலிருந்து, எங்கு பார்த்தாலும் செருப்பு. நடுவே ஒரு சிறிய கதிரையில் நரைத்த தலையோடு அக்கா.

நான் சப்பாத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஏறினேன். அவள் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. கழற்றி வைத்த சப்பாத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“ஓம், ஓம்,” என்றாள்.

அவள் தாய்லாந்து மொழியில் சொன்னதை மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். நான் அதை எங்கள் தமிழில் எழுதுகிறேன். அக்காவை யாழ்ப்பாணத் தமிழில் பேசவைத்த குற்றம் என்னுடையது.

“பொலிஸ் மேல ஏறி அறையைப் பார்த்தவங்கள். பாய் மட்டும்தான் கிடந்தது. இறங்கி வந்து வாசலில செருப்பைக் கண்டிட்டாங்கள். இது ஆரின்ரை எண்டு அவங்களில பெரியவன் கேட்டான். எனக்கு வாயில வந்ததைச் சொன்னன், விக்கிற செருப்பு எண்டு. பழசா இருக்கே எண்டான். பழசுதான், அதுதான் மலிவு எண்டன். ஒண்டுக்க காலை விட்டுப் பார்த்தான். அளவாப் போச்சு. வாங்கிக்கொண்டு போயிட்டான்.”

“எந்தச் செருப்பு?” என்று கேட்டேன்.

“வாருக்குக் கம்பி குத்தினது.”

அது என்னுடையது. முப்பது வருஷம் என்னைக் குற்றவாளியாக்கிய செருப்பைப் பொலிஸ்காரன் காலில் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. சாந்தா என் முதுகைத் தடவிக்கொண்டே தானும் சிரித்தாள்.

“அவன் திரும்பி வந்து பார்த்தால் பொய் எண்டு தெரிஞ்சிடுமே,” என்று அக்கா தொடர்ந்தாள். “அடுத்த நாளே சந்தையில பத்துச் சோடி வாங்கி வாசலில தொங்கவிட்டன். அதுவும் வித்துப்போச்சு. அதுக்கு முதல் நான் மரக்கறி வித்தனான், அதில என்ன கிடைச்சது? பிறகு இதுதான் தொழில். இவளைப் படிப்பிச்சதும் இதுதான்.”

கோப்பிக்கடைக்காரி தலையாட்டினாள்.

பிரான்சிஸ் அண்ணைக்கு வீடியோவில் அழைப்பு எடுத்தேன். அங்கே அவர் படுக்கப்போகிற நேரம். அக்காவைக் கண்டதும் அவர் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார். “காலைக் காட்டச் சொல்லு,” என்றாள் அக்கா. அவர் கட்டிலில் இருந்தபடியே போனைத் திருப்பி, கம்பளிக் காலுறை போட்ட பெரிய கால்களைக் காட்டினார். அக்கா கைகொட்டிச் சிரித்தாள். அவர் விட்டுப்போன அந்த அளவுச் செருப்பை ஒருவரும் வாங்கவில்லையாம். தேயும்வரை அவளே தோட்டத்துக்குப் போட்டாளாம்.

“தம்பி,” என்றார் அண்ணை, கரகரத்த குரலில், “இண்டைக்கு நான் மாத்திரை இல்லாமலே படுப்பன்.”

“உதெல்லாம் வேண்டாம். மாத்திரையைப் போடுங்கோ அண்ணை,” என்றாள் சாந்தா.

போனை வைத்ததும் அக்கா என் பக்கம் திரும்பினாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். மகள் அதை மொழிபெயர்க்கத் தயங்கினாள்.

“போன நீங்கள் போய்ச் சேர்ந்தம் எண்டு ஒரு சொல் ஏன் சொல்லேல்ல? அண்டைக்கு ஆத்தில இழுவை கூட. வள்ளத்தைக் கொண்டுபோனவனும் திரும்பி வரேல்ல. அந்த வருஷம் முழுக்க ஆற்றங்கரையில ஏதும் சவம் ஒதுங்கினது எண்டால் நான் போய் முகத்தைப் பார்த்தனான்.”

நான் தலை குனிந்துகொண்டேன். இத்தனை வருஷமும் எங்களால் அவளுக்கு என்ன கேடு வந்ததோ என்று மட்டுமே யோசித்தேன். எங்களுக்கு என்ன ஆனதோ என்று அவள் கரையில் நின்றிருப்பாள் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. மிசிசாகாவிலிருந்து மில்லிக்கனுக்கு வந்தால் போன் எடுக்கிறவன் நான். வெட்கமாக இருந்தது. அவள் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன். அவள் என் தலையில் கையை வைத்து, சேர்ந்துவிட்டோம் என்பதற்கு அவர்களுடைய மொழியில் உள்ள இரண்டு சொற்களைச் சொன்னாள். என்னைத் திருப்பிச் சொல்லவைத்தாள். மூன்று தரம் பிழைவிட்டு நாலாம் தரம் சரியாகச் சொன்னேன்.

புறப்படும்போது அவளே குனிந்து என் சப்பாத்தை எடுத்துக் கையில் தந்தாள். “இந்த முறை போட்டுக்கொண்டு போ,” என்றாள்.

இரண்டு நாள் கழித்து மில்லிக்கனுக்குத் திரும்பினோம். வாசலில் உப்புப் படிந்த பூட்ஸ்களும் மகளின் சப்பாத்துகளும் வழக்கம்போல ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. என்னுடையதையும் அவற்றோடு கழற்றிவிட்டேன். குளிர்ச்சட்டையைக் கழற்றவில்லை. அந்த இடத்திலேயே நின்று கோப்பிக்கடை இலக்கத்துக்கு அழைத்தேன். அக்காவின் மகள் எடுத்து, அம்மாவிடம் கொடுத்தாள்.

நான் அந்த இரண்டு சொற்களையும் சொன்னேன்.

மற்றப் பக்கத்தில் கோப்பி மெஷின் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அக்கா மூச்சு விட்டாள்.

“ஓம்,” என்றாள். “ஓம், ஓம்.”